அகராதியில் இருக்கும் மனிதர்

அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து ஓவியருக்குத் தூக்கம் போய்விட்டது.

கடிதத்தில் இரண்டே வரிதான். "உங்கள் பள்ளி அகராதியில் 'கிறுக்கன்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் படம் என் வீட்டுக்காரர். திங்கட்கிழமை நேரில் வருகிறேன்."

திங்கட்கிழமை வந்தேவிட்டது. அகராதி அலுவலகத்தின் நீள மேசையில் தலைவரும் துணைத்தலைவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஓவியர் ஓரமாக, நாற்காலியின் நுனியில்.

"நிஜமாவே ஒரு ஆளைப் பாத்தாய்யா வரைஞ்சீங்க?" என்றார் தலைவர்.

ஓவியர் ஜன்னலைக் காட்டினார். "எதிர் நடைபாதையில தினமும் போவாரு சார். இடது கால்ல செருப்பு, வலது கால்ல ஷூ. அந்தச் சொல்லுக்குப் படம் வேணும்னு நீங்க கேட்டீங்க. தலையை நிமிர்த்தினேன், அவர் போய்க்கிட்டிருந்தாரு."

"நீங்க ரிட்டயர் ஆக இன்னும் நாலு மாசம். கேஸு கீஸுன்னு வந்தா உங்களை மரியாதையா வழியனுப்ப முடியாது. கற்பனைன்னு சொல்லிடுங்க. மீதியை நாங்க பாத்துக்கறோம்."

"அது வசைச்சொல்லே இல்லைன்னு நிரூபிச்சுட்டாப் போச்சு" என்றார் துணைத்தலைவர். "கிறுக்கல்லேருந்து பிறந்த சொல். நேர்கோட்டுல போகாத மனுஷன். கலைஞன்னுகூடச் சொல்லலாம்."

"யார் சொன்னது? கிறுகிறுப்புலேருந்து வந்தது. தலைசுத்தல். உடம்புக்கு வர்றதுல என்னய்யா அவமானம்?"

"தலைசுத்தறவங்களை எல்லாம் அப்படிச் சொல்லலாம்னா, மாடிப்படி ஏறி வந்ததும் நீங்கதான் சார் முதல் ஆள்."

"கிறுக்கறவங்களை எல்லாம் சொல்லலாம்னா, உங்க கையெழுத்துக்கு நீங்கதான்யா முதல் ஆள்."

இருவரும் ஆளுக்கொரு தடித்த புத்தகத்தைத் தூக்கினார்கள். படிக்கவா அடிக்கவா என்று தெரியாமல் ஓவியர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். துணிப்பையிலிருந்து அகராதியை எடுத்தார். அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட் வைத்திருந்த பக்கத்தைப் பிரித்தார்.

"இந்தப் படத்தை வரைஞ்சது யாரு?"

தூக்கிய இரண்டு புத்தகங்களும் ஓவியர் பக்கம் திரும்பின.

"உக்காருங்கம்மா" என்றார் தலைவர். "ஒரே ஜாடையில உலகத்துல எத்தனையோ பேர் இருப்பாங்க. படத்தை நல்லாப் பாருங்க. உங்க வீட்டுக்காரர் ஒரு கால்ல செருப்பும் ஒரு கால்ல ஷூவுமா போடுவாரு?"

"போடுவாரு."

"கக்கத்துல எப்பவும் ஒரு மடக்கின குடை இருக்குமா?"

"இருக்கும். மழை வந்தா விரிக்கமாட்டாரு. நனைஞ்சா குடை துருப்பிடிச்சிடுமாம்."

"படத்துல இருக்கற மாதிரி தெருவிளக்குக் கம்பத்துக்கு வாளியில தண்ணி ஊத்துவாரா?"

"தினமும் எல்லாம் இல்ல. வெயில் காலத்துல மட்டும்தான்."

தலைவருக்குக் கேள்வி தீர்ந்துபோனது. "எப்படி இருந்தாலும் இது கற்பனைம்மா. என்னய்யா, சொல்லுங்க."

ஓவியர் ஜன்னல் பக்கம் பார்க்காமல் சொன்னார். "கற்பனைதாம்மா. நான் யாரையும் பாத்து வரையல."

சண்டை வரும் என்று மூவரும் காத்திருந்தார்கள். அந்த அம்மாவோ படத்தின்மேல் வைத்திருந்த விரலை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"அப்ப இது அவர் இல்லையா?"

தூக்கிய புத்தகங்கள் இரண்டும் மேசைக்குத் திரும்பின.

"அவர் தவறிப்போய் மூணு மாசம் ஆச்சு. போட்டோ எடுக்கவே விடமாட்டாரு. எங்க கல்யாணத்துலகூட கேமராக்காரர் முதுகுக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டு, 'எல்லாரும் சரியா நிக்கறாங்களான்னு நான் பாக்கறேன், நீ எடுய்யா'ன்னாரு. எல்லாப் படத்துலயும் நான் மட்டும் தனியா நிக்கறேன். போன வாரம் பக்கத்து வீட்டுப் பொண்ணு இந்தப் புத்தகத்தைக் கொண்டு வந்து காட்டிச்சு. நகத்தளவு முகம்தான். ஆனாலும் அவருன்னு நினைச்சிட்டேன். கொஞ்சம் பெரிசா வரைஞ்சு குடுப்பீங்களான்னு கேக்கத்தான் வந்தேன். பரவாயில்லைங்க."

புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். கதவு வரைக்கும் போய்விட்டார்.

ஓவியரும் எழுந்தார். தலைவர் மேசைக்கடியில் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். சட்டை கசங்கியதுதான் மிச்சம்.

"அவர்தாம்மா. நான் பொய் சொல்லிட்டேன். இந்த ஜன்னல்லேருந்து பாத்துப் பாத்து வரைஞ்சது. வலது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு இருக்குமே."

"சைக்கிள்ல பின்பக்கம் பாத்து உக்காந்து ஓட்டினாரு. அப்ப விழுந்தது" என்றபடி அந்த அம்மா திரும்பி வந்தார்.

ஓவியர் அடி இழுப்பறையிலிருந்து மூலப்படத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். ஒரு முழ நீளம் இருந்தது. அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். பிறகு படத்திலிருந்த சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோல ஒரு விரலால் நீவிவிட்டார்.

"எடுத்துட்டுப் போங்கம்மா" என்றார் ஓவியர்.

தலைவர் மேசையில் கிடந்த சிவப்புப் பென்சிலை எடுத்தார். அச்சுக்குப் போகவிருந்த அடுத்த பதிப்பின் பக்கங்களைப் புரட்டினார்.

"எங்களை மன்னிச்சிடுங்கம்மா. அந்தச் சொல் இனிமே எங்க அகராதியிலயே இருக்காது. உங்க கண் முன்னாடியே அடிச்சிடறேன்."

அந்த அம்மா பதறிப்போய்ப் பென்சிலோடு சேர்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, வேணாங்க. முப்பத்தோரு வருஷமா நான் அப்படித்தான் கூப்பிட்டேன், அவரும் சிரிச்சுக்கிட்டே திரும்பிப் பாப்பாரு. அதை அடிச்சிட்டீங்கன்னா, இந்தப் படத்தை நான் என்ன சொல்லிக் கூப்பிடுவேன்?"