டைரக்டரின் கட்டம்

“சார், கேமராவைப் போடுங்க. முகத்தைப் பார்த்துப் பேசணும்.”

இதை மட்டும் கேட்கவே கூடாதென்று டீம் லீடர் சுகந்தன் முதல் நாளே வெண்மதியிடம் சொல்லியிருந்தான். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வாராவாரம் ஆன்லைன் மீட்டிங்கில், திரையில் பெயர் மட்டும் எழுதிய கறுப்புக் கட்டங்களிடம்தான் அவள் பேசிவந்தாள். அவளை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று இன்று அந்தக் கட்டங்கள்தாம் முடிவு செய்யவேண்டும். அவள் கேட்டேவிட்டதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுகந்தன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

டைரக்டரின் கட்டம் மட்டும் வெளிச்சமானது. நாற்காலி காலியாக இருந்தது. துடைப்பத்தோடு ஓர் அம்மாள் குனிந்து பார்த்தாள்.

“முகத்தைப் பாக்கணும்னியே கண்ணு, எதெதையோ அமுக்கிப் பாத்தேன். சார் இல்லையே. இதைத் தொறந்து வச்சிட்டு வாக்கிங் போயிருவாரு.”

“எப்பவுமேவா?”

“நீ பேசுற அன்னிக்கெல்லாம். நான் கேட்டுக்கிட்டேதான் கூட்டுவேன். போன வாரம் தொண்டை கட்டியிருந்துச்சே, இப்பத் தேவலையா?”

வெண்மதிக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. “தேவலைங்கக்கா.”

மற்ற கட்டங்களெல்லாம் கறுப்பாகவே இருந்தன.

“ஒரு சாரி சொல்லிட்டு, விட்ட இடத்துலருந்து ஆரம்பி,” என்று சுகந்தன் கிசுகிசுத்தான்.

“யாருகிட்ட?”

வெண்மதி ஹெட்போனைக் கழற்றி அவன் மடியில் வைத்தாள். கழுத்தில் கிடந்த அடையாள அட்டையையும் கழற்றி அதன்மேல் வைத்தாள்.

“மிச்சத்தை நீங்க பேசுங்க. அக்கா கேட்டுக்கிட்டிருக்காங்க.”

பையை எடுத்துக்கொண்டு, லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியில் இறங்கினாள்.