பத்தொன்பது பேர் கம்பெனி

சூரியபிரகாஷின் தையல் கம்பெனியில் அறுபது பேர் வேலை செய்தார்கள். அரசாங்கத்துக்குத் தெரிந்து பத்தொன்பது பேர். இருபதாவது ஆள் சேர்ந்தால் பி.எஃப். கட்ட வேண்டும். அதனால் எட்டு வருஷமாக அங்கே இருபதாவது ஆள் சேரவே இல்லை.

புதன்கிழமை போன் வந்தது. எந்தெந்தத் தொழிற்சாலையில் எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது என்று மாநிலம் முழுக்கக் கணக்கெடுக்கிறார்களாம். அருள்பாண்டி என்ற ஆபீசர் நாளை நேரில் வந்து தலையை எண்ணுவாராம்.

சூரியபிரகாஷுக்கு வேர்த்துவிட்டது. எட்டு வருஷப் பாக்கி, வட்டி, அபராதம். கம்பெனியை விற்றாலும் அடையாது.

சூப்பர்வைசர் ஜெயக்கொடியைக் கூப்பிட்டார்.

"கணக்குல உள்ள பத்தொம்போது பேரு இருக்கட்டும். மிச்சப் பேர நாளைக்கு எங்கிட்டாவது கூட்டிட்டுப் போயிரும்மா."

"நாப்பது பேரக் கூட்டிக்கிட்டு எங்கிட்டுண்ணே போறது?"

"அழகர்கோவிலுக்குப் போங்க. பஸ்ஸ நீயே பேசிக்க, நான் குடுத்துர்றேன். சாமி கும்பிட்டு, தோசை வாங்கித் தின்னுட்டு, பொழுது சாய வாங்க."

"சம்பளம்?"

"அரைச் சம்பளம்."

"சாமிக்குப் பாதி, ஒங்களுக்குப் பாதியாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் அருள்பாண்டி வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. டீ கூட வேண்டாம் என்றார். அதுவே சூரியபிரகாஷைப் பயமுறுத்தியது.

"இம்புட்டு மெஷின் சும்மா கிடக்கே?"

"ஆள் எங்க சார் கிடைக்குது?"

ஒரு மெஷினில் பாதி தைத்த சட்டைக் கை ஊசிக்கடியிலேயே இருந்தது. ஆபீசர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு தச்சது?"

பக்கத்தில் இருந்த தங்கப்பொண்ணு தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "நாந்தான் சார். ரெண்டு மெஷினையும் நாந்தான் ஓட்டுறேன்."

"நெசமாவா?"

"நெசம் சார்," என்று சூரியபிரகாஷ் குறுக்கே விழுந்தார். "ரெண்டு ஆள் வேலையை ஒத்த ஆளாப் பாக்கும் சார் இந்தப் பொண்ணு. அந்தா அந்தக் கடைசியில இருக்க முத்துமீனா, காலர் தைக்கிறதுல மதுரையிலயே ஆள் கிடையாது. எல்லாமே தங்கமான ஆளுக சார். அதனாலதான் பத்தொம்போது பேர வச்சே சமாளிக்கிறேன்."

ஆபீசர் நம்பியதாகத் தெரியவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எத்தனை வருஷ அனுபவம், என்ன மெஷின் தெரியும், இப்போது என்ன சம்பளம் என்று கேட்டார். சிலரைத் தைத்துக் காட்டச் சொன்னார். சூரியபிரகாஷ் கதவோரம் நின்று எல்லாச் சாமிகளையும் வேண்டினார்.

"பத்தொன்பது. சரியா இருக்கு," என்று சொல்லிவிட்டு, கை குலுக்கி விடைபெற்றார் அருள்பாண்டி.

சூரியபிரகாஷ் அன்று மதியம் பிரியாணி வரவழைத்துத் தனியாகச் சாப்பிட்டார்.

இருட்டியும் பஸ் வரவில்லை. ஜெயக்கொடிக்குப் போன் போட்டார்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"திருமங்கலத்துலண்ணே. இங்க புதுசா ஒரு தையல் கம்பெனி தொறக்குறாக. இன்டர்வியூவுக்கு வந்தோம். அம்புட்டுப் பேரும் பாஸ். திங்கக்கிழமை சேர்றோம். பி.எஃப். உண்டு."

"என் பஸ்ல, என் சம்பளத்துல இன்டர்வியூவா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா லீவு குடுத்திருப்பீகளாண்ணே?"

சூரியபிரகாஷ் குரலைக் கெத்தாக்கிக்கொண்டார்.

"போறவுக போங்க. எனக்குப் பத்தொம்போது பேரு இருக்காங்க. எல்லாம் தங்கம்."

"அவுகளுக்கு லீவு கிடைக்காதுன்னுதாண்ணே எங்க மேனேஜர் அருள்பாண்டி சாரு நேர்ல அங்கயே வந்து இன்டர்வியூ எடுத்தாரு."