மேல்மலையில் கேட்ட பாட்டு

அனீஸ் அல்வாவை வாயில் போட்டுக்கொண்டான். எதிரே தமிழ்வாணி கல்யாணச் சேதி சொல்ல வந்தவள் போலப் பூரித்து நின்றாள்.

"நல்லாத் தின்னுடா! மேல்மலையில பதிவு பண்ணுன பாட்ட நாளைக்கு அதிகாரிங்க முன்னாடி போட்டுக் காட்டப்போறேன்."

விளக்குத்தூண் பக்கம் அவனுடைய செல்போன் கடை. பறவை ஆராய்ச்சிக்காரியான வாணி அவனோடு கல்லூரியில் படித்தவள். மேஜைமேல் தன் போனை வைத்துப் பதிவை ஓடவிட்டாள்.

சீ... சீ... சீ... மெல்லிய பாட்டு. சற்றுக் கழித்து, மலையில் பட்டுத் திரும்பியதுபோல் மெலிசாக, கொஞ்சம் இழுத்து, இன்னொரு தடவை.

"நெட்டைக்காலிடா! பத்து வருசமா அந்தச் சரிவுல யாரும் பாக்காத குருவி. அது இருக்குன்னு காட்டிட்டா, அங்க ரிசார்ட்டு கட்ட வர்றவன் அந்தப் புல்வெளியில கை வைக்க முடியாது."

அனீஸுக்கு வியர்த்தது. போன வாரம் அவளோடு மேல்மலைக்குக் கேமராவும் கையுமாகப் போனவன் அவன்தான். அவள் இந்தச் சரிவில் பதிவு செய்துகொண்டிருக்க, அவன் அந்தப் பக்கம் பாறை மறைவில் உட்கார்ந்து, இணையத்தில் இறக்கிய நெட்டைக்காலிப் பாட்டைப் போனில் போட்டான். எல்லாம் ஒரு போட்டோ ஆசை. குருவி வரவில்லை; காற்றின் இரைச்சல்தான் கேட்டது. அவளுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்து ஒரே தடவையோடு அணைத்துவிட்டான்.

சொன்னால் அவளுடைய சாட்சியே போச்சு. சொல்லாவிட்டால் நாளைக்கு இவள் தெரியாமலே பொய் சொல்வாள். அதுவும் தன்னால்.

"வாணி... நாளைக்கு அதப் போட்டுக் காட்டாத."

"ஏண்டா?"

"அது குருவியில்ல. என் போன்."

தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். "பெரிய தப்புப் பண்ணிட்டேன். அல்லா சத்தியமா இம்புட்டுத் தூரம் வரும்னு நெனைக்கல."

"பாட்டுப் போட்டுக் கூப்புடக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல!" அவள் குரல் உடைந்தது. "எடு உன் போன. அதப் போடு."

எடுத்துப் போட்டான். பாட்டு வெட்டினாற்போல் முடிந்தது.

வாணி தன் பதிவை மறுபடி ஓடவிட்டாள். கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டாள். முதல் பாட்டு அதேபோல் வெட்டி நின்றது; இரண்டாவது வெட்டாமல் இழுத்து முடிந்தது. திறந்தபோது கண் கலங்கியிருந்தது.

"சரி, பாடுனது உன் போனு. பதில் சொன்னது யாரு அனீஸ்?"