மூன்றாவது ரப்பர்

"மறுபடியும் ஒழுகுது தம்பி."

பட்டறையில் டிங்கர் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே போட்டார். அதே அம்மாள், அதே வேன், அதே ஜன்னல். மூன்றாவது முறை.

முதல் முறை குறை வண்டியில்தான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றியதும் அதைச் சுற்றியிருந்த ரப்பருக்கு அடியில் இருந்த தகரம் தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. துருவைச் சுரண்டி, ஓட்டையை அடைத்து, பிரைமர் அடித்து, புது ரப்பர் மாட்டிக் கொடுத்தார். அரை மணி நேரம் குழாயில் தண்ணீர் பீய்ச்சிப் பார்த்தும் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. நான்கே நாளில் அந்த அம்மாள் திரும்பி வந்தாள். அந்த ரப்பரைப் பிய்த்து மூலையில் எறிந்துவிட்டு வேறு போட்டார். இதோ, இன்றைக்கும் வந்து நிற்கிறாள்.

"ஏம்மா, இந்த ஆளுக்கு வேலை தெரியுமா, இல்ல கண்ணாடியக் கழட்டிக் கழட்டி விளையாடறானா?" வேனுக்குள் இருந்து அவள் கணவர் கேட்டார்.

"நல்லாத் தெரியுங்க," என்றாள் அவள்.

"அப்ப எப்பக் கிளம்பறீங்க?"

"ஜன்னல் சரியானதும்."

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இதே கேள்வி, இதே பதில். இருபத்தைந்து வருடம் அந்த வேனை ஓட்டியவர். இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். கட்டிய மனைவியையே மூன்று மாதமாக யாரோ போல 'நீங்க' என்கிறார். ஆனால் வேனை மட்டும் அடையாளம் தெரிகிறது. வேறு வண்டியில் ஏற்றினால் ஊரைக் கூட்டிவிடுவார்.

அதனால்தான் இந்த வேன் தயாராக வேண்டியிருந்தது. நினைவு தப்பியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் மகன் இடம் பிடித்திருந்தான். ஆறு மணி நேரப் பயணம். மழைக்காலம் என்பதால் ஒழுகலை அடைத்துவிட்டுப் புறப்படச் சொல்லியிருந்தான். சனிக்கிழமை தாண்டினால் இடம் போய்விடும்.

அவள் செல்போன் அடித்தது. மகன்.

"வரேன்டா... விட்டுடறேன்டா. என்னால முடியலை. நேத்து அவரைத் தூக்கி உட்கார வைக்கறதுக்குள்ள இடுப்பே விட்டுப்போச்சு." போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். "சீக்கிரம் முடிச்சுக் குடுங்க தம்பி."

கொண்டுபோய்த் தள்ளுவதற்கு என்ன அவசரம் என்று டிங்கருக்குக் கசந்தது. கண்ணாடியைக் கழற்றி ரப்பரைப் பிரித்தார்.

கீழ் மூலையில் விரல் நின்றது. உள்பக்கமாக, நேராக ஒரு வெட்டு. தானாகக் கிழிந்ததில்லை, பிளேடு போட்டது. பட்டறை மூலைக்குப் போய்க் குப்பையைக் கிளறிப் பழைய ரப்பரை எடுத்தார். அதிலும் அதே இடத்தில் அதே வெட்டு. எறிவதற்கு முன்னால் ஒரு தடவை திருப்பிப் பார்த்திருக்கலாம்.

வேனுக்குள் பெரியவர் கண்ணாடி இல்லாத ஜன்னல் விளிம்பை நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தார்.

டிங்கர் வந்து பெஞ்சில் அவளருகில் உட்கார்ந்தார்.

"அம்மா, நான் போட்ட ரப்பர் ஒழுகலை. யாரோ உள்ள உட்கார்ந்து அறுத்திருக்காங்க. அந்த ஜன்னல்கிட்ட உட்கார்றது அவர் ஒருத்தர்தான்."

அவள் பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அவருக்கு எல்லாம் தெரியுதும்மா. எங்க கூட்டிட்டுப் போறீங்கன்னு தெரிஞ்சுதான் அறுத்திருக்காரு. உங்களை விட்டுப் போக மனசில்லை. பையன்கிட்ட சொல்லி வீட்டோடவே வெச்சுக்குங்கம்மா."

தகரக் கூரையில் தூறல் விழுந்து, நின்று, மறுபடி விழுந்தது. அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா," உள்ளே இருந்து குரல் வந்தது, "எப்பக் கிளம்பறீங்க?"

இந்தமுறை அவள் பையைத் திறந்து, காகிதத்தில் மடித்த பிளேடு ஒன்றை எடுத்து டிங்கர் பக்கமாகப் பெஞ்சின்மேல் வைத்தாள்.

"ரப்பரை மாட்டுங்க தம்பி, இனிமே ஒழுகாது," என்றாள். "அவருக்கு அவ்வளவு தெரிஞ்சிருந்தா, கிளம்பற நாளைத் தள்ளிப்போட நான் எதுக்கு அறுக்கப்போறேன்?"