பாட்டீலுக்கு ஓர் இடம்

"மதராஸிக்கு இடமில்லையாம்!" டெக்னிக்கல் ஸ்கூல் வாசலில் பூதத்தான் காறித் துப்பினான். "எம்பேரச் சொன்னதும் அந்த ஜோஷி வாத்தியான் கதவக் காட்டிட்டான்ல."

கணேசபாண்டியன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மாலை நேர டர்னர் வகுப்பில் ஒரே இடம்தான் மிச்சம். சான்றிதழ் கேட்கமாட்டார்கள், லேத்தில் கைவேலை தெரிந்தால் போதும்; அதை அவன் ஒரு பட்டறையில் எடுபிடியாக நின்று பழகியிருந்தான். இதுவும் போனால், அப்பாவின் நெஞ்சைத் தின்ற தாராவி தோல் கொட்டகைதான் அவனுக்கும்.

அது 1967. சுவரெல்லாம் மதராஸிகளை விரட்டச் சொல்லி எழுதியிருந்தார்கள்.

"நான் பாட்டீல்னு சொல்லப் போறேன்."

"ஏலே, மராத்தில நாலு வார்த்த கேட்டா மாட்டிக்கிடுவ."

"கேக்கட்டும். எங்க சால் குடியிருப்புல பாதிப்பேரு மராத்திக்காரங்கதான. சண்டையே மராத்திலதான் போடுவேன்."

உள்ளே லேத் மெஷின் அருகே ஜோஷி நின்றார். குமாஸ்தா பவார் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். பெயரையும் ஊரையும் மராத்தியில் கேட்டார்கள்.

"கணேஷ் பாட்டீல். கோல்ஹாப்பூர்." தடங்கலே இல்லை.

"நம்ம பையன்," என்று மராத்தியில் சிரித்தார் பவார்.

ஜோஷி சிரிக்கவில்லை. கம்பியைக் கடைய வேண்டிய அளவைச் சாக்பீஸால் மேசையில் எழுதிக் காட்டினார். அவன் கடைந்து கொடுத்ததும் மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்து, அதையும் பக்கத்தில் எழுதினார். மயிரிழை பிசகவில்லை.

அடுத்த ஆளைக் கூப்பிட பவார் வாசலுக்குப் போனார். ஜோஷி ஒரு போல்ட்டை நீட்டினார். அங்குலத்துக்கு எத்தனை மரை என்று கேட்டார்.

கணேசபாண்டியன் ஸ்கேலை ஒட்டிப் பிடித்து, ஒவ்வொரு மரையாக நகத்தை நகர்த்தினான். கவனமெல்லாம் நகத்தில் இருந்தது.

"...ஒம்பது, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு."

சொன்ன பிறகுதான், தமிழில் எண்ணியது அவன் காதிலேயே விழுந்தது. போல்ட் தரையில் விழுந்து உருண்டது.

ஜோஷி அதைக் குனிந்து எடுத்தார். வாசலில் நின்ற பவாரை ஒரு முறை பார்த்தார். பிறகு பதிவேட்டை இழுத்து, காலியாக இருந்த கடைசி வரியில் 'கணேஷ் பாட்டீல்' என்று எழுதினார்.

அவன் காதருகே வந்தார்.

"வாயை மூடிண்டு எண்ணக் கத்துக்கோடா, என்னை மாதிரி."