ஜப்பானுக்கு ஒரு ஸ்வெட்டர்

"ஹிரோஷிமாவுக்கு அடுத்ததா அணுகுண்டு விழுந்த ஊரு?"

"நாகசாகி, சேர்."

விஜயகலா பட்டென்று சொன்னாள். தலைநகரம், உயரமான மலை, வடக்கே பனி கொட்டுகிற தீவு என்று இதுவரை கேட்ட எதற்கும் அவள் தடுமாறவில்லை. ஆனால் ஒவ்வொரு சரியான பதிலுக்கும் கிருஷ்ணகுமாரின் முகம் ஏனோ இருண்டுகொண்டே வந்தது.

கொழும்பிலிருந்து காரில், பின்னால் ஒரு வேனோடு வந்திருந்த ஏஜென்ட் அவர். ஜப்பானில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பெண்பிள்ளைகள் வேண்டும், அந்த நாட்டைப் பற்றிப் பொது அறிவுப் பரீட்சை இருக்கும், தேறியவர்கள் கையோடு கொழும்பு ட்ரெய்னிங்குக்குக் கிளம்ப வேண்டும் என்று முன்பே சொல்லியனுப்பியிருந்தார். றக்வான மலைத் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் பாஸ்போர்ட்டும் பையுமாகப் பிள்ளைகள் காத்துக்கிடந்தார்கள்.

"கெட்டிக்காரிதான். ஆனா இந்தத் தடவ சரிவராது. வெளிய நில்லும்மா," என்றார் அவர்.

"எது சேர் பிழையா சொன்னேன்?"

"ஹட்டன் பக்கமெல்லாம் எத்தனையோ பேரப் பார்த்துட்டுத்தான் இங்க வந்திருக்கேன். எனக்குத் தெரியும் யார எடுக்கணும்னு. அடுத்த ஆள் வாங்க."

அம்மா மாதிரிக் கொழுந்துக் கூடையோடு தேய்ந்துபோகக் கூடாது என்று, ஜப்பானைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடித் தேடிப் படித்தவள் விஜயகலா. வாசலில் வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்து வந்த தங்கம்மா, ஜப்பானின் தலைநகரம் கொரியா என்றாள். அவளை வேனில் ஏறச் சொல்லிவிட்டார்.

அதற்கடுத்தது விஜயகலாவின் தங்கை சுதர்ஷினி. அக்கா படித்ததெல்லாம் அவளுக்கும் தலைகீழ்ப் பாடம்.

"தலைநகரம் எது?"

"தெரியாதுங்க சேர்."

"பெரிய மல ஒண்ணு இருக்கே, அது பேரு?"

"தெரியாதுங்க சேர்."

கிருஷ்ணகுமாரின் முகம் மலர்ந்தது. "நல்ல பிள்ள. போய் வேன்ல ஏறு."

வெளியே வந்தவளின் கையைப் பிடித்து இழுத்தாள் விஜயகலா. "தெரிஞ்சிக்கிட்டே ஏன்டி தெரியாதுன்னு சொன்ன?"

"பயந்துட்டேன்க்கா. தொரமாரு எது கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிட்டா வம்பு இல்லன்னு அப்பா சொல்லுவாருல்ல. அதான் வாயில வந்துருச்சி."

தோட்டத்தில் பிறந்த வாய்க்கு அந்தப் பதில்தான் முதலில் வரும். விஜயகலாவின் வாய்தான் அதற்குப் பழகாத வாய். துரை கேட்டாலும் கணக்கப்பிள்ளை கேட்டாலும் தெரிந்ததைச் சொல்லிவிட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

பொறாமையாக இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும் கூடப் பிறந்தவள் போகிறாளே. டவுன் கடைக்காரனிடம் சிங்களத்தில் மல்லுக்கட்டி விலையைக் குறைத்துத் தனக்கென்று வாங்கிய சிவப்பு ஸ்வெட்டரை எடுத்துத் தங்கையின் பையில் திணித்தாள்.

"கீழ கேட்ல அப்பா நிப்பாரு. வேன நிப்பாட்டி அவருகிட்டயும் சொல்லிட்டுப் போ," என்றாள். அப்பாதான் தோட்டத்துக் காவல்காரர். எந்த வாகனம் வந்தாலும் போனாலும் அவர் சங்கிலியை அவிழ்க்க வேண்டும்.

வேனில் ஏறியவர்களின் போன்களைக் கிருஷ்ணகுமார் ஒரு பையில் சேகரித்தார். ட்ரெய்னிங் முடியும்வரை போன் கூடாதாம். சுதர்ஷினியின் பையைத் திறந்து பார்த்தவர், ஸ்வெட்டரை உருவி விஜயகலாவிடமே நீட்டினார்.

"இது தேவப்படாது."

"அங்க இப்ப பனிக்காலம் சேர். நடுங்கிப் போயிருவா."

"அதெல்லாம் கம்பெனி குடுக்கும்மா. வீணா எதுக்குப் பாரம்?"

கதவு சாத்தப்பட்டது. வேன் முதல் வளைவில் இறங்கி மறைந்தது. கேட்டுக்குப் போய்ச் சேர இன்னும் நிறைய வளைவுகள் கிடந்தன. சுதர்ஷினி கையசைத்தாளா என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை.

விஜயகலா ஸ்வெட்டரை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். கிருஷ்ணகுமார் தன் காரில் சாய்ந்தபடி யாருக்கோ போன் போட்டார். இரண்டு எட்டு தள்ளி நின்றவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, குரலைக்கூடத் தாழ்த்தாமல் சிங்களத்தில் பேச ஆரம்பித்தார்.

"ஏத்திட்டேன் முதலாளி. எல்லாம் ஒண்ணும் தெரியாததுங்க. பிளேன விட்டு எறங்கின பொறகும் அது ஜப்பான் இல்லன்னு இதுகளுக்கு வெளங்காது." மறுமுனை எதையோ கேட்டது. அவர் சிரித்தார். "இருந்தா ஒருத்தி, எல்லாம் தெரிஞ்சவ. அவள எடுத்தா எறங்கின எடத்துலயே கத்தி ஊரக் கூட்டியிருப்பா. கழிச்சிட்டேன்."

விஜயகலாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் விளங்கியது. ஸ்வெட்டருக்கு அடியில் அவளுடைய போன் இருந்தது. மண்டபத்துக்குப் பின்னால் போய் அப்பாவுக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், கேட் சங்கிலி அவிழாது. ஆனால் இந்த மனிதர் சந்தேகப்பட்டு டிரைவரை எச்சரித்துவிட்டால் எல்லாம் போச்சு.

அவள் முகத்தில் என்ன தெரிந்ததோ, கிருஷ்ணகுமார் போனைச் சட்டென்று அணைத்தார். நிதானமாக நடந்து அவள் அருகில் வந்தார்.

"ஏம்மா, ஒனக்குச் சிங்களம் தெரியுமா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக விஜயகலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியாதுங்க சேர்."