ஆடாத சுடர்

“சோறுன்னு சொல்றதுலயே மூச்சைக் காணோம்! இவ எங்க வீட்டுல வாயத் திறந்தா சியாம்பஜார் பேட்டையே சிரிக்கும்!” பெண் பார்க்க வந்த கனகலதா கத்துகிறாள். கிழக்கு வங்கத்துக் குடும்பத்துப் பெண் சுக்தியின் வாய்க்கு நேரே அவள் மெழுகுவர்த்தி பிடித்திருக்கிறாள். வங்காளியில் சோறு ‘பாத்’; கனகலதா ஊர்க்காரர்கள் போல ‘ப’வில் மூச்சை அழுத்திச் சொன்னால் சுடர் ஆட வேண்டுமாம், சுக்தி சொல்லி ஆடவில்லை. சந்தேஷ் இனிப்புத் தட்டில் ஈ உட்கார்கிறது. மகன் தேபாஷிஷ் தரையைப் பார்க்கிறான். பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்த நான் ஜன்னல் கம்பியில் மூக்கைப் பதித்திருக்கிறேன். “தாத்தா எங்க ஊர் பாரிசால்ல இருந்து கொண்டுவந்தது இந்தப் பேச்சு ஒண்ணுதான், மாஷிமா. மாத்த மாட்டேன். மூச்சுதானே வேணும்? இந்தாங்க!” என்கிறாள் சுக்தி. ஒரே ஊதலில் சுடர் அணைகிறது. புகை கனகலதாவின் மூக்குக்கண்ணாடியில் படிகிறது.

மூன்றே மாதத்தில் தேபாஷிஷ் சுக்தியைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கே குடிவந்துவிட்டான். அம்மாவுக்குப் போன் போட்டு, “சோறு சாப்பிட்டேன்” என்கிறான். இப்போது அவன் சொன்னாலும் சுடர் ஆடாது.